எலிக்கு நடுக்குவாதம் வருமா? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் நம்ம பத்திரிகைல மூளை நோய் ஆராய்ச்சி பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன். எலிக்கும் சுண்டெலிக்கும் மனுஷனோட மூளை நோய் மாதிரி ஒண்ண உண்டாக்கி (இதத்தான் மாடல்னு சொல்வோம்), அத வச்சு நோயப் புரிஞ்சுக்குற வேலைதான் தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல பதினாறு வருஷமா நான் பண்றேன்னு சொல்லியிருந்தேன். அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நெனக்கவே இல்ல. பாதி பேர் வாட்சப்ல வாய்ஸ் நோட்டா அனுப்பியிருக்கீங்க, தமிழ் பேச வரும் எழுத வராதுன்னு தயங்கித் தயங்கி சொன்னவங்களும் உண்டு, அதுல தயங்க எதுவுமே இல்ல, கேட்டு கேட்டு நானே எழுதிக்கிட்டேன். இந்த மாசத்துக்கு ஏழு கேள்வி.

அக்கா, நான் கிரேடு 11. மூளை நோய் ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை. வீட்ல டாக்டராகு, இல்லன்னா ஃபார்மசி படின்னு சொல்றாங்க. நீங்க லேப்ல நெஜமாவே என்னதான் பண்றீங்க? அதுக்கு என்ன படிக்கணும்?
– ஒரு மாணவி, ஃபீனிக்ஸ்

தங்கச்சி, ஒரு ஆபரேஷன் நாள அப்படியே சொல்றேன், அதக் கேட்டுட்டு உனக்கு ஆசை இன்னும் இருக்கான்னு பாரு.

பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம், எலிக்கு தானா வராது. மனுஷனுக்கு நடு மூளைல சப்ஸ்டான்ஷியா நைக்ரான்னு கருப்பா ஒரு எடம் இருக்கு, அங்க இருக்குற செல்லுங்கதான் டோபமின்னு ஒரு ரசாயனத்த தயாரிச்சு அனுப்பும், அந்த செல்லுங்க சாகச் சாக கை நடுங்கும், உடம்பு இறுகும், நடை சுருங்கும். எலிக்கும் அதே எடம் இருக்கு, அதே செல் இருக்கு. அத நாங்கதான் அழிக்கணும், அதுவும் ஒரு பக்கம் மட்டும், ஏன்னா ரெண்டு பக்கமும் போச்சுன்னா எலி சாப்பிடாது, தண்ணி குடிக்காது, செத்தே போயிடும்.

எலிய மயக்க மருந்துல தூங்க வச்சு தலை துளியும் அசையாம ஒரு ஃப்ரேம்ல பிடிப்போம், ஸ்டீரியோடாக்சிக் ஃப்ரேம்னு பேரு. உச்சந்தலைல தோல ஒரு கீறு கீறினா மண்டையோட்டுல தையல் கோடுங்க ஒண்ண ஒண்ணு வெட்டுற எடம் தெரியும், பிரெக்மான்னு சொல்வோம். அதுதான் எங்களுக்கு பிள்ளையார் சுழி. பின்னாடி இவ்ளோ, பக்கத்துல இவ்ளோ, கீழ இவ்ளோன்னு எல்லா அளவும் அங்கேந்துதான் ஆரம்பிக்கும், மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு தப்பினாலும் வேற எங்கயோ போயிடும். எலி மூளைக்குன்னு ஒரு அட்லஸ் இருக்கு, பாக்சினோஸும் வாட்சனும் 1982ல போட்டது, எங்க லேப்ல அது பக்கம் பக்கமா பிஞ்சு டேப் ஒட்டி வச்சிருக்கு. அப்புறம் கடுகளவு ஒரு ஓட்டை போட்டு ஊசிய இறக்கி 6-ஹைட்ராக்சிடோபமின்ங்குற மருந்த விடணும். டோபமின் மாதிரியே இருக்குறதால செல்லு அத தன்னோடதுன்னு நெனச்சு உள்ள இழுத்துக்கும், உள்ள போனதும் அது செல்லயே அழிச்சிடும். விடுறது நாலே மைக்ரோலிட்டர், ஒரு சொட்டுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல, அத நாலு நிமிஷம் எடுத்து விடணும், விட்டப்புறமும் அஞ்சு நிமிஷம் ஊசிய அசைக்காம வச்சிருக்கணும், இல்லன்னா மருந்து ஊசி கூடவே மேல ஏறி வந்துடும். அந்த மருந்து வெளிச்சமும் காத்தும் பட்டா கெட்டுப்போகும், அதனால கொஞ்சம் வைட்டமின் சி கலந்து ஐஸ்ல மூடி வச்சிருப்போம். லேசா ரோஸ் கலர் தட்டுச்சுன்னா அவ்ளோதான், கீழ ஊத்திட்டு புதுசா கலக்கணும். எத்தனை அவசரம்னாலும் சரி, ரோஸ் ஆனத போடவே கூடாது.

ரெண்டு மூணு வாரம் கழிச்சு அந்த எலிய ஒரு கண்ணாடி உருளைக்குள்ள விடுவோம். எலிக்கு புது எடம்னா எழுந்து நின்னு சுவர ரெண்டு கையாலயும் தடவிப் பாக்குற பழக்கம். வலது மூளைதான் இடது கைய ஆட்டும், அதனால வலது மூளைல டோபமின் போன எலி வலது கைய மட்டும் வச்சு தடவும், இடது கை வயித்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும். எத்தனை தடவை எந்தக் கைன்னு எண்ணுறதுதான் வேலை, வீடியோ போட்டு நிறுத்தி நிறுத்தி எண்ணுவோம். முதல் தடவை அந்த மடங்கின கையப் பாத்தப்ப எனக்கு திருநெல்வேலில எங்க பெரியப்பா ஞாபகம்தான் வந்துச்சு, அவரும் அப்படித்தான் ஒரு கைய மட்டும் வீசாம நடப்பார், நாங்க தோள்பட்டை வலின்னு நெனச்சு தைலம் தேச்சுக்கிட்டு இருந்தோம், நோய்னு தெரியவே நாலு வருஷம் ஆச்சு.

இந்த முறைய 1968ல ஸ்வீடன்ல உங்கர்ஸ்டெட்னு ஒருத்தர் கண்டுபிடிச்சார், இன்னைக்கும் உலகம் பூரா இதத்தான் பண்றோம்.

படிப்புக்கு வரேன். மேத்ஸ் கஷ்டமா இருக்குன்னு மேத்ஸ் லிட்ரசிக்கு மட்டும் மாறிடாத, அதுல மாறினா இந்த வழி அடைஞ்சிடும், ஃபிசிக்கல் சயின்ஸும் லைஃப் சயின்ஸும் வேணும். அப்புறம் பிஎஸ்சியோ மெடிக்கல் சயின்ஸ் டிகிரியோ மூணு வருஷம், ஹானர்ஸ் ஒரு வருஷம், மாஸ்டர்ஸ் ரெண்டு, பிஎச்டி மூணு நாலு. நீளமான பாதைதான், வீட்ல முன்னாடியே சொல்லிடு. உங்க தாத்தா காலத்துல இந்தியப் பிள்ளைங்களுக்குன்னு தனியா 1961ல டர்பன் துறைமுகத்துக்குள்ள சால்ஸ்பரி தீவுல காலேஜ் வச்சாங்க, படகுல போய் படிச்சிட்டு வந்தாங்க, அதுதான் 1972ல வெஸ்ட்வில் மலைக்கு மாறுச்சு. அந்த மலைல இருக்குற யூனிவர்சிட்டில இப்ப நீ எந்த டிபார்ட்மெண்டுக்கும் அப்ளை பண்ணலாம். டாக்டர் படிச்சிட்டும் ஆராய்ச்சிக்கு வரலாம், வந்தவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா ஒண்ணு, லீவுல ஏதாவது லேப்ல ஒரு வாரம் நின்னு பாரு. கை நிதானமும், ஒரே வேலைய நூறு தடவை சலிக்காம செய்ற பொறுமையும் உனக்கு இருக்கான்னு அந்த ஒரு வாரத்துல தெரிஞ்சிடும்.

என் வீட்டுக்காரிக்கு ஒம்பது வருஷமா பார்க்கின்சன். பேப்பர்ல மாசத்துக்கு ஒரு தடவை எலிக்கு குணமாச்சுன்னு வருது. இவளுக்கு ஒம்பது வருஷமா அதே மாத்திரைதான். எலிய விட நாங்க மட்டமா?
– ஒரு கணவர், சாட்ஸ்வொர்த்

ஐயா, உங்க வாய்ஸ் நோட்ட நான் நாலு தடவை கேட்டேன். உங்க கோவம் நியாயமான கோவம், அதனால மழுப்பாம சொல்றேன்.

முதல்ல அந்த "அதே மாத்திரை". அதுல இருக்குற லெவோடோபா எங்கேந்து வந்துச்சுன்னா முயல்கிட்டேந்து. இந்தியாவுல சர்ப்பகந்தான்னு ஒரு செடி, பாம்புக்கடிக்கும் சித்தம் கலங்கினவங்களுக்கும் அந்த வேர ரொம்ப காலமா குடுத்து வந்தாங்க, அதுலேந்து 1952ல ரெசர்பின்னு ஒரு மருந்த பிரிச்செடுத்தாங்க, ரத்தக் கொதிப்புக்கு குடுத்தாங்க. அத முயலுக்கு போட்டா முயல் காதத் தொங்கப்போட்டு அசையாம கெடக்கும். 1957ல ஸ்வீடன்ல அர்விட் கார்ல்சன் அப்படிக் கெடந்த முயலுக்கு டோபாவ ஊசில போட்டார் (லெவோடோபா அதோட ஒரு வகைதான், மூளைக்குள்ள போய் டோபமினா மாறும்), கால் மணி நேரத்துல காது நிமிந்து எழுந்து நடமாடுச்சு. டோபமின் குறைஞ்சா உடம்பு உறையும்னு உலகத்துக்கு காட்டின மாடல் அதுதான். மூணு வருஷத்துல வியன்னாவுல ஹார்னிகீவிட்ஸ், இறந்துபோன பார்க்கின்சன் நோயாளிங்க மூளைல டோபமின் குறைஞ்சிருக்குறத அளந்து காட்டினார், 1961ல ஆளுங்களுக்கே ஊசில போட்டுப் பாத்தாங்க, 1967ல வாயால சாப்பிடுற அளவு தெரிஞ்சுது. கார்ல்சனுக்கு 2000ல நோபல் பரிசு குடுத்தாங்க. உங்க வீட்டம்மா காலைல எழுந்து நடக்குறாங்கன்னா அந்த முயல் எழுந்ததாலதான்.

அடுத்தது 1982, கலிஃபோர்னியா. சின்ன வயசு ஆளுங்க ஆறு பேரு, திடீர்னு பேச முடியாம கண்ண மட்டும் சிமிட்டிக்கிட்டு சிலை மாதிரி ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. யாரோ வீட்லயே தயாரிச்ச போதை மருந்து, தயாரிப்பு தப்பிப்போய் எம்பிடிபிங்குற விஷம் கலந்துடுச்சு, அது நேரா போய் சப்ஸ்டான்ஷியா நைக்ராவ அழிச்சிருக்கு. லாங்ஸ்டன்ங்குற டாக்டர் இத கண்டுபிடிச்சார். அந்த ஆறு பேரோட துயரத்துலேந்துதான் குரங்கு மாடல் வந்துச்சு, அந்தக் குரங்குங்கள வச்சுத்தான் 1990ல மூளைக்குள்ள எந்த எடத்த அமைதியாக்கினா உடம்பு இளகும்னு தெரிஞ்சுது, அதே எடத்துலதான் இன்னைக்கு மூளைக்குள்ள கம்பி வச்சு கரண்ட் குடுக்குற ஆபரேஷன் பண்றாங்க. தென்னாப்பிரிக்காவுலயும் பண்றாங்க, எல்லாருக்கும் பொருந்தாது, உங்க நியூராலஜிஸ்ட்கிட்ட இவங்களுக்கு பொருந்துமான்னு கேளுங்க.

இப்ப நீங்க கேட்டதுக்கு வரேன், அப்புறம் ஏன் எலி குணமாகுது, ஆளு குணமாகல.

நாங்க எலிக்கு குடுத்தது பார்க்கின்சன் இல்ல ஐயா. அதோட ஒரு துண்டு. மனுஷனுக்கு இருபது முப்பது வருஷம் சத்தமில்லாம அரிச்சு அரிச்சு வர்றத நாங்க மூணு வாரத்துல பண்ணிடறோம். செல்லு செத்துடுச்சு சரி, ஆனா மனுஷ மூளைல அந்த செல்லுக்குள்ள லூயி உருண்டைன்னு புரதம் திரண்டு நிக்கும், எங்க ஊசி போட்ட எலிக்கு அது இருக்காது. மோப்பம் போறது, மலச்சிக்கல், ராத்திரி கனவுல கை கால உதைக்கிறது, இதெல்லாம் நடுக்கத்துக்கு வருஷக்கணக்கா முன்னாடியே வரும், இந்த எலில அந்தக் கதையே கிடையாது. அதனால ஒரு மருந்து, நாங்க ஊசில விட்ட விஷத்த தடுத்துச்சுன்னா எலி பிழைக்கும், ஆனா மனுஷனுக்குள்ள அந்த விஷமே இல்லயே. டோபமின் குறையுறத சரிபண்ற மருந்துக்கு இந்த மாடல் ரொம்ப சரியா பதில் சொல்லும், நோய் வளர்றத நிறுத்துற மருந்துக்கு பதில் சொல்லாது. கேள்விக்கு ஏத்த மாடலான்னு பாக்காம விட்டதுதான் எங்க துறையோட பெரிய தப்பு, இத நான் மீட்டிங்லயும் சொல்றேன் இங்கயும் சொல்றேன்.

அல்சைமர்ல, அதாவது மறதி நோய்ல, இது இன்னும் மோசமா நடந்துச்சு. 1995லேந்து மனுஷனோட கெட்டுப்போன ஜீன சுண்டெலிக்குள்ள வச்சு மூளைல அமைலாய்டுங்குற புரதம் படியுற மாதிரி சுண்டெலிங்கள உருவாக்கினாங்க. 1999ல ஒரு தடுப்பூசி போட்டு அந்தப் படிவம் கரைஞ்சிடுச்சுன்னு வந்தப்ப உலகமே கொண்டாடுச்சு. ஆளுங்களுக்கு போட்டாங்க, நூத்துல ஆறு பேருக்கு மூளை வீக்கம், 2002ல நிறுத்திட்டாங்க. 2002லேந்து 2012 வரைக்கும் அல்சைமருக்குன்னு சோதிச்ச மருந்துல நூத்துக்கு 99க்கு மேல தோத்துச்சு. சுண்டெலிக்கு படிவம் வந்துச்சே தவிர மனுஷனுக்கு சாகுற மாதிரி மூளை செல் பெருசா சாகல, அதாவது அதுக்கும் ஒரு துண்டுதான். ஆனா அந்த வழியே வீண்னு சொல்லிட முடியாது, அதே வழில பல வருஷம் திருத்தித் திருத்தி வந்த லெகானமாப்ங்குற மருந்துக்கு 2023ல அமெரிக்காவுல முழு அனுமதி கிடைச்சுது, ஒன்றரை வருஷத்துல நோய் இறங்குற வேகத்த நூத்துக்கு 27 குறைச்சுது. குறைச்சுதுதான், நிறுத்தல.

அடுத்த தடவை பேப்பர்ல எலிக்கு குணமாச்சுன்னு வந்தா, மருந்த நோய் வர்றதுக்கு முன்னாடி குடுத்தாங்களா பின்னாடி குடுத்தாங்களான்னு பாருங்க. முன்னாடின்னா அத மடிச்சு வச்சிடுங்க, உங்க வீட்டம்மாவுக்கு யாரும் நோய்க்கு முன்னாடி போய் மருந்து குடுக்க முடியாது.

பிள்ளையாரு வாகனம்மா அது. அத கொன்னு கொன்னு படிக்கிறியே, பாவம் இல்லயா? கோச்சுக்காத, மனசுல பட்டத கேட்டுட்டேன்.
– ஒரு ஆயா, மவுண்ட் எட்ஜ்கோம்ப்

கோவமே இல்ல ஆயா. எங்க அம்மாவும் போன் பண்றப்ப எல்லாம் இதத்தான் கேப்பாங்க.

பாவம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு உயிர எடுக்குறோம், அதுக்கு வேற பேரு வச்சு மறைக்க எனக்கு இஷ்டமில்ல. அதனாலதான் கணக்கா இருக்கணும்னு நெனக்கிறேன். இந்த நாட்டுல எஸ்ஏஎன்எஸ் 10386ன்னு ஒரு விதிமுறை இருக்கு, அதுபடி எத்திக்ஸ் கமிட்டி எழுத்துல அனுமதி தராம ஒரு எலியக் கூட தொடக்கூடாது, அது போக ஊசி போடுற ஆளுக்கு கால்நடை மருத்துவ கவுன்சிலோட அனுமதியும் வேணும். எத்தனை எலி, ஏன் அத்தனை, வலிக்கு என்ன மருந்து, எந்த நிலைமை வந்தா அதுக்கு மேல கஷ்டப்பட விடாம முடிச்சிடுவீங்க, எல்லாத்தயும் கேப்பாங்க. எலி இல்லாம முடியுமா, குறைச்சலா முடியுமா, வலி குறைய பண்ண முடியுமான்னு இந்த மூணு கேள்விய 1959ல ரசலும் பர்ச்சும் எழுதி வச்சாங்க, இன்னைக்கு உலகம் பூரா அதுதான் சட்டம் மாதிரி. ஒரு தடவை நாப்பது எலி கேட்டேன், கமிட்டில ஒரு அம்மா முப்பதே போதும்னு கணக்கு போட்டு காட்டினாங்க, அவங்கதான் சரி.

ஆபரேஷன் ஆன ராத்திரி நான் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணயும் பாத்து, வலி மருந்து குடுத்து, சாப்பாட்ட தண்ணில ஊறவச்சு மெத்துன்னு கூண்டுக்குள்ளயே வச்சிட்டுதான் வருவேன், எட்டி எடுக்க அதால முடியாதுல்ல. 2021 ஜூலைல இங்க கலவரம் நடந்தப்ப ரோடெல்லாம் அடைச்சு வச்சிருந்தாங்க, எங்க எலிங்கள பாத்துக்குற தம்பி நாலு நாள் வீட்டுக்கே போகல, அங்கயே தரைல படுத்து தண்ணியும் தீனியும் வச்சார். அவர் பேர எங்க கட்டுரைல நன்றி சொல்ற எடத்துல போட்டோம், என்னக் கேட்டா முதல் பேரா போட்டிருக்கணும்.

என் மகன் மூளை நோய்ல பிஎச்டி முடிச்சு மூணு வருஷம் ஆகுது. இன்னமும் ஒரு வருஷ கான்ட்ராக்ட்தான். கல்யாணப் பேச்சு எடுத்தா வாய தொறக்க மாட்டேங்குறான். இதுக்கு எதிர்காலம் இருக்கா?
– ஒரு அம்மா, லெனேசியா

இருக்கும்மா, ஆனா நேரான ரோடு இல்ல. போஸ்ட்டாக்னு சொல்ற அந்த வேலை எங்கயுமே கான்ட்ராக்ட்தான், கிராண்ட் இருக்குற வரைக்கும் சம்பளம், அது அவனோட கையாலாகாத்தனம் இல்லன்னு வீட்ல எல்லாரும் முதல்ல புரிஞ்சுக்கணும். பிஎச்டி முடிச்சவங்க எல்லாருக்கும் யூனிவர்சிட்டில எடம் கிடையாது. மருந்து சோதனை நடத்துற எடம், ஆஸ்பத்திரி லேப், மருந்து கம்பெனி, டேட்டா வேலைன்னு போனவங்க எனக்கு தெரிஞ்சு நல்லா இருக்காங்க. அவன்கிட்ட நான் கேக்கச் சொன்னேன்னு ஒண்ணே ஒண்ணு கேளுங்க, உன் கைல வேற யார்கிட்டயும் இல்லாத ஒரு டெக்னிக் என்னன்னு. பதில் உடனே வந்தா பயப்படாதீங்க. யோசிச்சான்னா இந்த வருஷம் அத கத்துக்கச் சொல்லுங்க.

மேடம், ஹானர்ஸ் பண்றேன். எனக்கு வர்ற ரிசல்ட் எல்லாம் கோணலா இருக்கு, கூட படிக்கிறவங்களுக்கு அழகா வருது. உங்களுக்கு இப்படி ஆனதுண்டா?
– பெயர் வேண்டாம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, அழகா வந்ததால நான் பட்ட பாட சொல்றேன்.

பிஎச்டி ரெண்டாவது வருஷம். ஒரு மருந்து குடுத்த எலிங்களுக்கும், வெறும் உப்புத்தண்ணி குடுத்த எலிங்களுக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவுல உயிரோட இருக்குற செல்ல எண்ணணும். எலி மூளைய ஃபார்மலின்ல வச்சு, அப்புறம் சர்க்கரத் தண்ணில போடுவோம், முதல்ல மிதக்கும், ரெண்டு மூணு நாள்ல சர்க்கர உள்ள ஏறி மெல்ல அடில போய் உக்காரும், உக்காந்தாதான் உறைய வச்சு சீவலாம், தலைமுடி கனத்துக்கும் மெலிசா. சீவினத சாயம் ஏத்தினா டோபமின் செல் எல்லாம் பழுப்பா தெரியும். நான் மைக்ரோஸ்கோப்ல உக்காந்து எண்ணினேன், மருந்து குடுத்த எலிங்களுக்கு ஏகப்பட்ட செல் பிழைச்சிருந்துச்சு. சந்தோஷத்துல அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. எங்க லேப்ல ஒரு அக்கா, எனக்கு சீனியர், மறுநாள் ஸ்லைடு எல்லாத்துலயும் லேபிள் மேல டேப் ஒட்டி வேற நம்பர் போட்டு கலைச்சு குடுத்து இப்ப எண்ணுன்னாங்க. எண்ணினேன். வித்தியாசத்துல பாதிக்கு மேல காணாம போச்சு. நான் பொய் சொல்லல தம்பி, ஒரு செல்லக் கூட இட்டுக்கட்டல, ஆனா ஓரத்துல மங்கலா ஒண்ணு இருந்தா மருந்து எலியா இருந்தா எண்ணியிருக்கேன், உப்புத்தண்ணி எலியா இருந்தா விட்டிருக்கேன். எனக்கே தெரியாம என் ஆசை எண்ணியிருக்கு. அன்னைலேந்து இன்னைக்கு வரைக்கும் எந்த எலி எந்தக் கூட்டம்னு தெரிஞ்சுக்கிட்டு நானும் எண்ணதில்ல, என்கிட்ட படிக்கிற பிள்ளைங்களயும் எண்ண விட்டதில்ல.

கோணலா வருதுன்னா மொதல்ல மருந்து, ஊசி போன எடம், சாயம் மூணயும் பாரு. எல்லாம் சரியா இருந்தும் கோணல்னா அந்தக் கோணல் நெஜமா இருக்கலாம், அத அப்படியே எழுது.

நம்ம கைல இல்லாத நஷ்டமும் வரும், அதுக்கும் மனச தயாரா வச்சுக்கோ. லோட்ஷெடிங், அதாவது முறை வச்சு கரண்ட நிறுத்துறது, உச்சத்துல இருந்தப்ப ஒரு லாங் வீக்கெண்ட்ல ஜெனரேட்டர் எடுக்கல, மைனஸ் 80 ஃப்ரீசர் ரெண்டு நாள் செத்துக் கெடந்திருக்கு, அலாரமும் அடிக்கல. செவ்வாய்க்கிழமை காலைல கதவு இடுக்குலேந்து தண்ணி ஒழுகி நின்னுச்சு. ரெண்டரை வருஷத்து சாம்பிள். நான் தரைல உக்காந்து அழுதேன். அதுலேந்து எந்த சாம்பிளயும் ரெண்டாப் பிரிச்சு ரெண்டு கட்டடத்துல வைக்கிறோம். நீயும் இன்னைக்கே அத பண்ணிடு.

தோல்லேந்து மூளைய தட்டுல வளக்குறாங்களாமே, நெஜமா? அது யோசிக்குமா? அது வந்தா எலியே வேண்டாமா?
– ஒரு ஆசிரியர், போர்ட் எலிசபெத்

நெஜம் ஐயா. ஜப்பான்ல யமனாகா 2006ல சுண்டெலி தோல் செல்லுக்குள்ள நாலே நாலு ஜீன விட்டு அத கருவுல இருக்குற மாதிரி பழைய நிலைக்கு திருப்பினார், 2007ல மனுஷ செல்லுலயும் பண்ணினார், 2012ல நோபல் வாங்கினார். அப்படி திருப்பின செல்ல மூளை செல்லா வளர வைக்கலாம். 2013ல வியன்னாவுல லான்காஸ்டரும் நோப்ளிக்கும் அத உருண்டையா வளத்து காட்டினாங்க, ஆர்கனாய்ட்னு பேரு, நாலு மில்லிமீட்டர் இருக்கும், ஒரு சின்ன பட்டாணி அளவு. ரத்தக்குழாய் இல்லாததால அதுக்கு மேல பெருசானா நடுவுல அழுகிடும். யோசிக்காது. மனுஷ மூளைல 8,600 கோடி நியூரான், அதாவது நரம்பு செல், அதுல நடக்குற பேச்ச இந்தப் பட்டாணிகிட்ட எதிர்பாக்க முடியாது. ஆனா மூளை உருவாகுறப்ப என்ன கோளாறு ஆகுதுன்னு பாக்க இதுமாதிரி வேற எதுவும் இல்ல, 2016ல ஜீக்கா வைரஸ் குழந்தைங்க மூளைய எப்படி சிறுசாக்குதுன்னு இதுலதான் பாத்தாங்க. எலி வேண்டாமான்னா, இதுக்கு நடக்கத் தெரியாது, மறக்கத் தெரியாது, நடையும் மறதியும்தான நமக்கு நோயே. அதனால ரெண்டும் வேணும்.

எனக்கு இதுல ஆசை வேற ஒரு காரணத்துக்கு. ஹன்டிங்டன்னு பரம்பரையா வர்ற ஒரு மூளை நோய் இருக்கு, உடம்பு தானா ஆடும், அது மாதிரியே இன்னொரு நோய் இருக்கு, எச்டிஎல்2ன்னு பேரு, 2001ல அதோட ஜீன் தெரிஞ்சுது, ஆப்பிரிக்க வம்சாவளில வந்தவங்களுக்குத்தான் வருது, நம்ம நாட்டுல அந்தக் குடும்பங்க இருக்காங்க. உலகத்துலயே அதிக ஜீன் வகை இந்தக் கண்டத்துல இருக்கு, ஆனா லேப்ல இருக்குற செல்லுல பெரும்பாதி ஐரோப்பிய வம்சத்துது. இந்த மண்ணுல இருக்குறவங்க தோல்லேந்து மாடல் செய்யணும்னா அத இங்க இருக்குறவங்கதான் செய்யணும். உங்க ஈஸ்டர்ன் கேப்லயே பாருங்க, பன்றி நாடாப்புழு மூளைக்குள்ள போய் வலிப்பு வர்றது எவ்ளோ அதிகம். கேப் டவுன்ல ஆராய்ச்சி பண்றவங்க அந்தப் புழுவோட குட்டிய அரைச்சு உயிரோட இருக்குற மூளைத் துண்டு மேல விட்டுப் பாத்தாங்க, அதுல இருக்குற குளுட்டமேட்ங்குற ரசாயனமே நியூரான தூண்டி விடுதுன்னு தெரிஞ்சுது. பணக்கார நாட்டுல அந்த நோய் அவ்ளோ இல்ல, அங்க யாரும் அந்த மாடல செஞ்சிருக்க மாட்டாங்க. உங்க பிள்ளைங்களுக்கு கிளாஸ்ல இத சொல்லுங்க.

எங்க அம்மாவுக்கு பார்க்கின்சன் ஆரம்பம். பூனைக்காலி விதை நல்லதுன்னு இந்தியாவுலேந்து ஒருத்தங்க பொடி அனுப்பினாங்க. குடுக்கலாமா? வேற என்ன பண்ணலாம்?
– ஒரு மகள், வெருலம்

தங்கச்சி, பூனைக்காலில நெஜமாவே லெவோடோபா இருக்கு, மாத்திரைல இருக்குற அதே சரக்கு. அதனாலதான் நீங்களா குடுக்கக்கூடாது. பொடில எவ்ளோ இருக்குன்னு யாருக்கும் தெரியாது, மாத்திரை மேல அதுவும் சேந்தா டபுள் டோஸ் ஆயிடும், வாந்தி வரும், கை கால் தானா ஆட ஆரம்பிக்கும், பிரஷர் இறங்கி விழுந்துடுவாங்க. பொடிய டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போய் காட்டுங்க, மறைக்காதீங்க.

நான் சொல்றது நடை. எங்க எலிங்கள ஓட்டச் சக்கரத்துல விட்டோம்னா ஓடின எலிங்க ஓடாத எலிங்கள விட கைய நல்லா பயன்படுத்தும், இத பல லேப்ல பாத்திருக்காங்க. எலில பாத்தது ஆளுக்கு பொருந்தாதுன்னு மேல அவ்ளோ எழுதிட்டு இத சொல்றேன்னா, ஆளுங்ககிட்டயும் பாத்தாச்சு. 2018ல வந்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சில ஆரம்ப நிலை நோயாளிங்க 128 பேர், அதுல ஒரு கூட்டம் ஆறு மாசம் டிரெட்மில்ல மூச்சு வாங்குற அளவு வேகமா நடந்தாங்க, அவங்களுக்கு நோய் அவ்ளோவா ஏறல. டாக்டர்கிட்ட இதயம் சரியா இருக்கான்னு பாத்துட்டு ஆரம்பிங்க. டிரெட்மில் வேண்டாம், உம்லாங்கா பக்கம் கடலோர நடைபாதை இருக்கே, சமதளமா இருக்கும், கூட ஒரு ஆள் போங்க, வாரத்துல நாலு நாள். கால் ஒட்டிக்கிட்டு நகர மாட்டேங்குதுன்னா கையப் பிடிச்சு இழுக்காதீங்க, "ஒண்ணு ரெண்டு"ன்னு தாளம் சொல்லுங்க, நகரும். மாத்திரைய பருப்பு, மீன், பால் கூட குடுக்காதீங்க, அதோட சேந்தா மூளைக்குப் போற அளவு குறையும். வெறும் வயித்துல தண்ணியோட குடுத்துட்டு முக்கால் மணி நேரம் கழிச்சு கிளம்புங்க.